ஞாயிறு காலை, காருக்குப் பதினைந்து நிமிடம்

கார் கடனின் தவணைக் காலம் இன்று ஏழு ஆண்டுகள் வரை நீள்கிறது. காரின் மதிப்போ அத்தனை காலம் காத்திருப்பதில்லை. காப்பீட்டுக்காக மதிப்பிடும்போது ஓராண்டு கடந்த காருக்கு 20 விழுக்காடும், நான்காண்டு கடந்த காருக்கு 50 விழுக்காடும் தேய்மானம் கழிப்பது வழக்கம். ஏழாண்டுக் கடனில் மூன்றாண்டுத் தவணை எஞ்சியிருக்கும்போதே மதிப்பு பாதியாகிவிடுகிறது. இந்தக் கணக்கை நம்மால் மாற்ற இயலாது. கடைசித் தவணைக்குப் பின்னரும் பல ஆண்டுகள் நன்றாக ஓடும் நிலையில் காரை வைத்திருப்பது மட்டும் நம் கையில் உள்ளது. அதற்கு நாம் மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. வாரத்திற்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் ஒதுக்கி, எதைப் பார்க்க வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று அறிந்திருந்தால் போதும்.

டயரிலிருந்து தொடங்குவோம்

காற்றழுத்தத்தைக் கார் ஓடாமல் குளிர்ந்திருக்கும் வேளையில் பார்க்க வேண்டும். நம் காருக்கு எவ்வளவு காற்று தேவை என்பது பெரும்பாலும் ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டப்பட்டிருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதுவரை நிரப்பக்கூடாது. ஸ்டெப்னியையும் மறவாமல் சோதிப்போம்.

தேய்மானத்தின் வடிவமே காரணத்தைச் சொல்லிவிடும். இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு; நடுப்பகுதி தேய்ந்திருந்தால் காற்று மிகுதி; ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். பள்ளங்களின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் டயரை மாற்றியே ஆக வேண்டும். மழைச் சாலையில் நீரை வெளியேற்றிப் பிடிமானம் தருபவை அந்தப் பள்ளங்களே.

பானட்டுக்குள் மூன்று அளவுகள்

சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மீண்டும் செருகி எடுத்தால் எஞ்சின் ஆயிலின் அளவு தெரியும். அது இரு குறிகளுக்கும் இடையே நிற்க வேண்டும். கூலண்ட்டின் அளவை அதன் தொட்டியில் வெளியிலிருந்தே பார்க்கலாம்.

பிரேக் ஆயிலின் அளவு குறைந்திருந்தால் வாங்கி ஊற்றி நிரப்பிவிடுவது பலரின் பழக்கம். பிரேக் பேட் தேயத் தேய அந்த அளவும் மெல்ல இறங்கும். நிரப்பிவிட்டால் நமக்குக் கிடைத்த முன்னறிவிப்பை நாமே அழித்துவிடுகிறோம். பேட்டைச் சோதிக்கச் சொல்வதே சரி. திடீரென்று இறங்கினால் கசிவு என்று கொண்டு, காரை எடுக்காமல் மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

நிறுத்திய இடத்தின் தரையையும் ஒருமுறை பார்ப்போம். ஏ.சி. ஓடியபின் சொட்டும் தெளிந்த நீர் இயல்பானது. பச்சையோ இளஞ்சிவப்போ ஆன பிசுபிசுப்புக் கறை பெரும்பாலும் கூலண்ட். பழுப்பு அல்லது கருமையான கறை ஆயில்.

ஸ்டார்ட் ஆகாத காலை

சாவியைத் திருப்பும்போது 'டிக் டிக்' என்ற ஒலி மட்டும் கேட்டு, விளக்குகளும் மங்கினால் முதல் ஐயம் பேட்டரியின் மீது. முனைகளில் வெண்மையாகப் பூத்திருந்தால் சுத்தம் செய்யலாம். கழற்றும்போது எதிர்முனை முதலில். மாட்டும்போது அது கடைசியில். முழுமையாகச் சார்ஜ் ஏறி ஓய்விலிருக்கும் பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும்.

வேறொரு காரின் உதவியுடன் ஸ்டார்ட் செய்யும்போது சிவப்புக் கேபிளை முதலில் செயலிழந்த பேட்டரியின் நேர்முனையிலும், பின்னர் நல்ல பேட்டரியின் நேர்முனையிலும் மாட்ட வேண்டும். கறுப்புக் கேபிளை நல்ல பேட்டரியின் எதிர்முனையில் மாட்டி, மறுமுனையை நம் காரின் எஞ்சினில் பூச்சில்லாத உலோகப் பகுதியில் பொருத்த வேண்டும். பேட்டரிக்கு அருகே தீப்பொறி எழாமலிருக்கவே இந்த வரிசை.

கை நிற்க வேண்டிய இடம்

எஞ்சின் சூடேறி நின்றால் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்திலுள்ள கொதிநீர் முகத்தில் பீறிடும். ஆயில் அழுத்தத்தையோ வெப்பத்தையோ காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைப்போம். ஜாக்கி மட்டும் தாங்கும் காரின் கீழ் ஒருபோதும் நுழையக்கூடாது. ஹைபிரிட், மின்சாரக் கார்களின் ஆரஞ்சு நிறக் கேபிள்களைத் தொடலாகாது.

மழைக்காலத்திற்கு ஓர் எச்சரிக்கை தனியே உண்டு. நீர் சூழ்ந்து நின்றுவிட்ட காரை மீண்டும் ஸ்டார்ட் செய்து பார்ப்பதே பெருஞ்செலவுக்கு வழி. உள்ளே புகுந்த நீர் காற்றைப்போல் அழுந்தாது. எஞ்சினின் கனெக்டிங் ராடையே வளைத்துவிடும். அவ்வாறு நேரும் சேதத்தை வழக்கமான விரிவான காப்பீடு பெரும்பாலும் ஏற்பதில்லை. எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீடு வேண்டும். பாலிசியில் அது இருக்கிறதா என்று மழைக்கு முன்பே பார்த்துவிடுவது நலம்.

கணக்கும் ஒரு பராமரிப்பே

ஐந்தாண்டுகள் தொடர்ந்து இழப்பீடு கோராதவருக்கு, சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 விழுக்காடு வரை தள்ளுபடி கிடைக்கிறது. சிறு கீறலுக்கு இழப்பீடு கோருமுன் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு பராமரிப்பின் தேதியையும் கிலோமீட்டரையும் குறித்து, ரசீதுகளுடன் வைத்திருந்தால் விற்கும்போது வாங்குபவருக்கு நம்பிக்கை பிறக்கும். உத்தரவாதக் காலத்தில் எதையும் கழற்றுமுன் உரிமையாளர் கையேட்டைப் படிப்பது அவசியம்.

கடைசித் தவணை முடிந்ததும் வங்கியிடம் தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் பெற்று, ஆர்.சி.யிலுள்ள கடன் குறிப்பை நீக்கிக்கொள்ள வேண்டும். அன்றுதான் கார் முழுமையாக நம்முடையதாகிறது. அன்று நம் கைக்கு வருவது வெறும் பதிவுச் சான்றாக மட்டுமின்றி, இன்னும் பல ஆண்டு குடும்பத்தைச் சுமக்கவல்ல காராகவும் இருக்க வேண்டுமானால், வரும் ஞாயிறே டயரின் காற்றைப் பார்க்கத் தொடங்குவோம்.