தண்ணீர் நிரப்பி ஓடும் மோட்டார்

கரண்டையும் தண்ணீரையும் சேரவிடாதே என்று பிள்ளைகளை மிரட்டி வளர்க்கிறோம். கோவையின் பம்ப் தொழிற்சாலைகளிலோ, மோட்டாருக்குள் தண்ணீரை ஊற்றித்தான் மூடுகிறார்கள். போர்வெல்லில் இறங்கும் நீர்மூழ்கி மோட்டாரில் பெரும்பாலான விவசாய ரகங்கள் இப்படித்தான். சூட்டை வாங்கிக்கொள்வதும் பேரிங்குக்கு எண்ணெய்போல் உதவுவதும் அந்தத் தண்ணீரே. செம்பைத் தவிர எல்லாவற்றையும் அது தொடலாம். அசெம்பிளி வேலையின் கஷ்டமே இதில்தான் தொடங்குகிறது.

சாதாரண மோட்டாரின் கம்பிக்கு எனாமல் பூச்சு போதும். தண்ணீருக்குள் ஓடும் இந்த மோட்டாரின் கம்பிக்கோ பிளாஸ்டிக் உறை வேண்டும். உறை போட்டதால் தடித்துப்போன கம்பியை, ஊசியில் நூல் கோப்பதுபோல, மோட்டாரின் சுழலாத பாகமான ஸ்டேட்டரின் ஒவ்வொரு ஸ்லாட்டுக்குள்ளும் கையாலேயே இழுக்கிறார்கள். பல இடங்களில் இது பெண்களின் வேலை. இழுக்கும் வேகத்தில் ஸ்லாட்டின் விளிம்பு உறையை லேசாகக் கீறினாலும் போச்சு. அதனால் ஸ்டேட்டரைத் தண்ணீரில் ஊறவைத்து மெக்கர் என்ற மின்காப்பு அளக்கும் கருவியால் சோதிப்பார்கள். உறையில் ஊசித்துளை இருந்தால்கூட ரீடிங் இறங்கிவிடும். வைண்டிங்கைப் பிரிக்க வேண்டியதுதான்.

கோவையில் 1937-இலேயே ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் தயாரித்ததை எல்லோரும் எழுதுகிறோம். கம்பி இழுக்கும் இந்த விரல்களைப் பற்றி எழுதுவது குறைவு.

மோட்டாரின் அடியில் இருக்கும் த்ரஸ்ட் பேரிங்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம். 100 மீட்டர் உயர நீர், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் சுமார் 10 கிலோ எடையாக அழுத்தும். தண்ணீரை மேலே தள்ளும் பம்ப் தன் ஷாஃப்டைக் கீழே அமுக்குகிறது. நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்கு மேல் ஷாஃப்ட் சுழலும்போதே அந்தச் சுமையை இந்தப் பேரிங் தாங்க வேண்டும். கார்பன் தட்டுக்கு எதிரே சின்னச் சின்ன எஃகுத் துண்டுகள் இருக்கும். சுழற்சி தொடங்கியதும் அவை இம்மியளவு சாயும். அந்தச் சரிவுக்குள் தண்ணீர் இழுபட்டு, தலைமுடியைவிட மெல்லிய படலமாகிச் சுமையைத் தூக்கிவிடும். ஓடும்போது எஃகும் கார்பனும் ஒன்றையொன்று தொடுவதில்லை. 1905-இல் ஆஸ்திரேலியாவின் மிச்செல் இந்த அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவின் கிங்ஸ்பரி தனியாக இதே வழியைக் கண்டார். கப்பலின் புரொப்பெல்லர் ஷாஃப்டைத் தாங்குவதும் இதே உத்திதான். படலம் அத்தனை மெல்லியது என்பதால் ஒரு மணல் துகள் போதும், தட்டில் கோடு விழுந்துவிடும். பேரிங் பூட்டும் மேஜையைத் துடைத்துக்கொண்டே இருப்பது அதனால்தான்.

பூட்டி முடித்ததும் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார்ப்பார்கள். ஓரிடத்தில் மட்டும் இறுகினால் ஷாஃப்டைச் சுற்றிப் பிடிக்கும் புஷ் நேராக உட்காரவில்லை என்று பொருள், மறுபடி கழற்றல். பிறகு தண்ணீர். மெல்ல ஊற்றி, ஆட்டிவிட்டு, குமிழி அடங்கக் காத்திருந்து மறுபடி ஊற்ற வேண்டும். சூட்டில் தண்ணீர் விரியும் என்பதால் அடியில் ரப்பர் டயாஃப்ரம் வைத்திருக்கிறார்கள். உள்ளே காற்று சிக்கினால் டயாஃப்ரமாலும் காப்பாற்ற முடியாது: மேல் புஷ் வறண்டு ஓடித் தேய்ந்துவிடும். போர்வெல்லுக்குள் இறக்குமுன் தண்ணீர் சரியாக இருக்கிறதா என்று தோட்டத்தில் ஒருமுறை பார்த்திருந்தாலே மோட்டார் தப்பியிருக்கும். ஆனால் தேய்ந்த மோட்டார் திரும்பி வந்ததும் முதல் கேள்வி அசெம்பிளி பிரிவுக்குத்தான் போகிறது.