எந்த செல்போன் வாங்கலாம்?

வீட்டில் செல்போன் வாங்குவது என்றால், இப்போதெல்லாம் பெரியவர்கள் முதலில் கேட்பது உங்களைத்தான். நீங்கள் சொல்லும் பதில் அப்பாவின் ஒரு மாதச் சம்பளத்தையே விழுங்கிவிடலாம். எனவே, யோசித்துச் சொல்ல வேண்டும் அல்லவா?

1973ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் தேதி, நியூயார்க் நகரில் மார்ட்டின் கூப்பர் என்ற பொறியாளர் முதன்முதலாகக் கைபேசியில் பேசினார். அதன் எடை ஒரு கிலோவுக்கும் மேல்! இன்றோ கடைக்குள் நுழைந்தாலே தலை சுற்றுகிறது.

யாருக்கு, எதற்கு?

முதல் கேள்வி இதுதான். பேசுவதற்கு மட்டும் என்றால், தாத்தா பாட்டிக்குப் பெரிய எழுத்தும், உரத்த ஒலியும் உள்ள பட்டன் போனே போதும். ஆனால், என்ன சிம் என்று கேளுங்கள். ஜியோவுக்கு 2ஜி சேவை கிடையாது. அந்த சிம்முக்கு 4ஜி பட்டன் போன்தான் வேண்டும்.

மேசையும் அலமாரியும்

'ராம்' என்பது நீங்கள் புத்தகங்களைப் பரப்பிப் படிக்கும் மேசை. 'ஸ்டோரேஜ்' என்பது புத்தக அலமாரி. மேசை சிறியதானால், பல வேலைகளை ஒன்றாகச் செய்யும்போது போன் திணறும். அலமாரி 64 ஜி.பி. என்றாலும் முழுவதும் நமக்கில்லை. போனை இயக்கும் மென்பொருளே ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும்.

கேமரா

ஒரு மெகாபிக்சல் என்பது 10 லட்சம் புள்ளிகள். எண் பெரிதாக இருந்தால் மட்டும் படம் தெளிவாக வந்துவிடாது. லென்சும், ஒளியை வாங்கும் சென்சாரின் அளவும் முக்கியம்.

பாதுகாப்பு

அம்மா போனில் பணம் அனுப்புகிறாரா? அப்படியானால், பாதுகாப்பு அப்டேட் எத்தனை ஆண்டுகளுக்கு வரும் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அது நின்றுபோன போனில் திருடர்கள் நுழைவது எளிது.

பழைய போன் வாங்கினால் *#06# என்று அழுத்துங்கள். 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் தெரியும். பில்லில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். அரசின் 'சஞ்சார் சாத்தி' இணையதளத்திலும் சரிபார்க்கலாம்.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். கடைக்குப் போகும் முன், வீட்டாரோடு உட்கார்ந்து மூன்று தேவைகளை ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு போனைத் தேர்ந்தெடுங்கள். மிச்சமாகும் பணம் உங்கள் படிப்புக்கு உதவும்!