மகாவீராசாரியரின் எண் மாலைகள்

மாலைக்கு முதல் எது, முடிவு எது? எந்தப் பக்கம் பிடித்தாலும் ஒன்றுதான். எண்களிலும் அப்படி மாலை கட்டியவர் சமண ஆசாரியர் மகாவீரர். இவர் தீர்த்தங்கரர் அல்லர், கி.பி. 9ஆம் நூற்றாண்டில் இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த கணித மேதை. அம்மன்னனின் தலைநகர் மானியகேடம், நாம் பிழைக்க வந்த இதே கருநாடகத்தில் இன்று மால்கேட் எனப்படும் ஊர். ஆசாரியர் வடமொழியில் இயற்றிய 'கணிதசாரசங்கிரகம்' பேராசிரியர் எம். ரங்காசாரியாரின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912இல் சென்னையில் அச்சேறியது.

பெருக்கல் பகுதியில் வரும் மாலைகளில் சில:

139 × 109 = 15151
152207 × 73 = 11111111
12345679 × 9 = 111111111
27994681 × 441 = 12345654321

(மூன்றாவதில் 8 விட்டுப்போனது அச்சுப்பிழை அன்று. 8ஐச் சேர்த்தால் மாலை அறுந்துவிடும்.)

இரண்டாவது கணக்கைப் பேரனிடம் காட்டினேன். கைபேசியில் தட்டிப் பார்த்துவிட்டு, "விடை சரிதான் தாத்தா. ஆனா இந்த 73 அவருக்கு எங்கேர்ந்து கிடைச்சுது?" என்றான். கேள்வின்னா இதுவல்லவா கேள்வி! கைபேசி விடையைச் சொல்லும், இதைச் சொல்லாது.

விடையிலிருந்து பின்னோக்கிப் போனால் பிடிபடும். எட்டு ஒன்றுகளை நான்கு நான்காகப் பிரியுங்கள். அது 1111 × 10001. இதில் 1111 என்பது 11 × 101. 10001 பார்க்க முரடாகத் தெரியும். அதுவும் 73 × 137 என்று உடையும். ஆக, மாலையில் கோத்த மணிகள் நான்கு: 11, 73, 101, 137. 73ஐ உருவினால் மற்ற மூன்றின் பெருக்கம் 152207. 137ஐ உருவினால் 81103. அதையும் 137ஆல் பெருக்கிப் பாருங்கள், அதே எட்டு ஒன்றுகள்தான்.

நான்காவது மாலை இன்னும் அழகு. 12345654321 என்பது 111111இன் வர்க்கம். 111111 = 21 × 5291. 21இன் வர்க்கம் 441. 5291இன் வர்க்கம் 27994681. அவ்வளவுதான் சூட்சுமம்.

வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு. ஏதாவது மூன்றிலக்க எண்ணை இருமுறை சேர்த்து எழுதச் சொல்லுங்கள், 347347 என்பதுபோல. அதை 7ஆல், பிறகு 11ஆல், பிறகு 13ஆல் வகுக்கட்டும். மீதியே வராது, கடைசியில் அதே 347 வந்து நிற்கும். காரணம், 7 × 11 × 13 = 1001.

இனி உங்களுக்கு ஒன்று. ஓர் இரண்டிலக்க எண்ணை மும்முறை சேர்த்து எழுதினால், 474747 என்பதுபோல, அது எந்தெந்த எண்களால் கட்டாயம் வகுபடும்? 10101ஐ உடைத்துப் பாருங்கள். கைபேசி வேண்டாம், பென்சில் போதும்.