கசியட்டும், கலங்காமல் கசியட்டும்

லோயர் கேம்ப்பிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். முல்லைப் பெரியாறு அணையை ஆய்வுக் குழு வந்து பார்க்கும்போதெல்லாம், அணைக்குள்ளிருக்கும் நடைவழியான கேலரியில் கசிவு நீர் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று பேப்பரில் போடுகிறார்கள். அணை பலமாக இருக்கிறது என்றும் அதே செய்தியில் வருகிறது. "கசிகிற அணை எப்படி சார் பலமான அணை?" என்று கேட்கிறார்.

கசிவதால்தான் ஐயா அதைக் கண்காணிக்கவே முடிகிறது. 1895-ல் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து கட்டிய அணை அது. தண்ணீரைத் தேக்கும் எந்தச் சுவரானாலும் உள்ளே கொஞ்சம் ஈரம் ஊறத்தான் செய்யும். வெளியேற வழியில்லாமல் அது உள்ளேயே அழுத்தம் கொடுத்தால்தான் ஆபத்து. அதனால் வழி விட்டு, வருகிற நீரை ஓரிடத்தில் சேர்த்து அளக்கிறார்கள். நீர்மட்டம் ஏறும்போது கசிவும் ஏறினால் கவலை இல்லை. மட்டம் அப்படியே இருக்க, கசிவு மட்டும் கூடினாலோ, தெளிவாக வந்த நீர் கலங்கி வந்தாலோ பொறியாளருக்குத் தூக்கம் போய்விடும். கலங்கல் என்றால் உள்ளிருந்து எதையோ அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள்.

இப்படிக் கசிவை அளக்கப் பல இடங்களில் வைக்கும் கருவிமேல் எனக்குத் தனிப் பிரியம். கருவி என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். ஒரு தகரப் பலகை; அதன் மேல்விளிம்பில் 'வி' வடிவ வெட்டு. மின்சாரம் வேண்டாம், சுழலும் பாகம் கிடையாது. வெட்டின் வழியே தண்ணீர் வழிகிறது. பலகைக்குச் சற்றுப் பின்னால் நிற்கும் அளவுகோலில் உயரத்தைப் படித்தால் போதும். செங்கோண வெட்டில் நீர் 5 செ.மீ. நின்றால் நிமிடத்துக்குச் சுமார் 46 லிட்டர். 10 செ.மீ. நின்றால் 92 அல்ல, ஏறக்குறைய 260 லிட்டர். மேலே போகப் போக வெட்டு அகலமாவதால் வரும் கணக்கு இது. சதுரமாக வெட்டியிருந்தால் சொட்டுச் சொட்டாக வரும் நீர் அடியில் படலமாகப் பரவி, அளவுகோலில் தெரியவே தெரியாது. 'வி'யின் கூர்முனையில் சிறு ஓட்டமும் படிக்கிற அளவுக்கு உயர்ந்து நிற்கிறது.

அணையை விட இந்தப் பலகை அவசியப்படும் இடம் ஒன்று உண்டு: நிலக்கரிச் சுரங்கத்தின் மண்மேடு. அணையை அணை என்று தெரிந்து கட்டுகிறோம். மண்மேட்டைக் கழிவு என்று கொட்டுகிறோம். நெய்வேலியில் ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க ஐந்தாறு கன மீட்டர் மேல்மண்ணை அகற்ற வேண்டும். சுரங்கம் வெட்டத் தொடங்கிய நாளிலிருந்து அகற்றிய மண் அத்தனையும் எங்கோ ஓரிடத்தில் குவிந்துதானே ஆக வேண்டும்? நெய்வேலியில் நிலக்கரிக்கு அடியிலுள்ள ஊற்றுநீரின் அழுத்தத்தை இரவு பகலாகப் பம்ப் வைத்து இறைத்துக் குறைப்பது ஊரறிந்த கதை. மேட்டுக்குள் இறங்கும் மழைநீரைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

மேட்டு மண் சரியாமல் நிற்பது துகள்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்திருப்பதால். குமுளி மலைப்பாதையில் நெரிசலான பஸ்ஸில் நின்றுகொண்டு போயிருக்கிறேன். கொண்டை ஊசி வளைவிலும் விழ முடியாது, அவ்வளவு இறுக்கம். பாதிப் பேர் இறங்கிவிட்டால் அடுத்த வளைவிலேயே தள்ளாட்டம்தான். துகள்களுக்கு இடையில் அழுத்தத்தோடு நிற்கும் நீர் செய்வது அதைத்தான்: பிடியைத் தளர்த்திவிடும்.

1966 அக்டோபர் 21 காலையில் வேல்ஸ் நாட்டின் அபெர்ஃபான் ஊரில் அப்படித்தான் பிடி விட்டது. மலைமேல் கொட்டியிருந்த நிலக்கரிக் கழிவின் ஏழாம் எண் மேடு குழம்பாகி இறங்கிப் பள்ளிக்கூடத்தை மூடியது. இறந்த 144 பேரில் 116 பேர் குழந்தைகள். ஊற்று இருக்கிறது என்று வரைபடத்திலேயே குறித்திருந்த இடத்தின் மேல் 1958-ல் கொட்ட ஆரம்பித்த மேடு அது. கையில் இருந்த காகிதத்தைப் பிரித்துப் பார்க்க ஆளில்லை. இதை எப்போது படித்தாலும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

மேட்டை ஆய்வு செய்பவர் மேலிருந்து தொடங்குவார். விளிம்புக்கு இணையாக நீளமான வெடிப்பு தெரிந்தால் இருபுறமும் முளை அடித்து, இடைவெளியை டேப்பால் அளந்து குறித்துக்கொள்வார். 30 மீட்டருக்கு மேல் ஒரே சரிவாகக் கொட்டக் கூடாது, படி விட வேண்டும் என்பது விதி. அந்தப் படிகள் உட்பக்கம் சாய்ந்திருக்கின்றனவா? வெளிப்பக்கம் சாய்ந்தால் மழைநீர் விளிம்பில் வழிந்து சரிவில் ஓடை கிழித்துவிடும். வெட்டிவேர் நட்டிருந்தால் பிடித்திருக்கிறதா, காய்ந்துவிட்டதா என்று பார்ப்பார். பிறகு அடிவாரம். அங்கே மண் வயிறு தள்ளியிருந்தால் மேலிருந்து எதுவோ நகர்கிறது. சுற்றிலும் மண் வெடித்துக் கிடக்கும் சித்திரை வெயிலில் ஓரிடத்தில் மட்டும் கோரை பச்சைப்பசேலென்று நின்றால், காமிரா வேண்டாம், அங்கே நீர் கசிகிறது. பலகையை அங்கேதான் நட வேண்டும்.

அணையின் கசிவு லிட்டர் கணக்கில் பேப்பருக்கு வருவது, இரண்டு மாநிலங்கள் கண்கொட்டாமல் பார்ப்பதால். மண்மேட்டுக் கணக்கு பதிவேட்டோடு நின்றுவிடுகிறது. அடிவாரத்துக் கிராமத்தின் ஊராட்சி அலுவலகச் சுவரில் மாதம் ஒருமுறை அதை ஒட்டினால் என்ன குறைந்துவிடும்?

மேடு சரியாவிட்டாலும் மண் நகர்ந்துகொண்டுதான் இருக்கும். பரவனாறு வழியாகச் சுரங்கக் களிமண் வந்து பெருமாள் ஏரியைத் தூர்க்கிறது என்பது கடலூர் மாவட்ட விவசாயிகள் வெகுகாலமாகச் சொல்லிவரும் குறை. இதற்காகத்தான் மேட்டைச் சுற்றி மாலைபோல் வாய்க்கால் வெட்டி, அதன் முடிவில் வண்டல் படியத் தொட்டி கட்டுகிறார்கள். தொட்டியில் நீர் அசையாமல் நின்றால்தான் களிமண் அடியில் இறங்கும். பாதித் தொட்டியைப் பழைய சேறே அடைத்திருந்தால் வந்த வெள்ளம் நிற்க இடமில்லாமல் வந்த வேகத்தில் வெளியேறிவிடும். ஐப்பசி மழை தொடங்கிய பிறகு பொக்லைன் உள்ளே இறங்க முடியாது. புரட்டாசிக்குள் வாரிவிட வேண்டும்.