கவர்னர் தேர்தலில் தோற்பாரா?

கிழக்கேகோட்டையில் என் கடைக்கு வழக்கமாக வரும் பெரியவர் ஒருவர், 2019-இல் ஒருநாள், அமெரிக்காவிலுள்ள பேரனோடு போனில் பேசிவிட்டு வந்து கேட்டார்: "அங்கே கவர்னரே தேர்தலில் தோத்துட்டாராமே! அதெப்படிங்க?"

நடந்தது கென்டக்கி மாநிலத்தில். பதவியிலிருந்த மாட் பெவினை ஆன்டி பெஷியர் சுமார் 5,000 ஓட்டில் வென்றார். அங்கே கவர்னர் என்பவர் நம் முதலமைச்சரைப் போல ஆட்சி நடத்துபவர். மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நம் நாட்டிலும் முதலில் அப்படித்தான் எண்ணினார்கள். வயது வந்தோர் ஓட்டால் ஆளுநரைத் தேர்ந்தெடுக்கலாம் என 1947-இல் அரசியல் நிர்ணய சபை முடிவு செய்தது. 1949 மே மாதத்தில் அதை மாற்றியது. மக்கள் தேர்ந்த முதல்வரும் மக்கள் தேர்ந்த ஆளுநரும் ஒரே மாநிலத்தில் இருந்தால், ஓர் உறையில் இரு வாள் ஆகிவிடும் அல்லவா? ஆகவே 155-ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். 156-ஆம் பிரிவின்படி அவர் விரும்பும்வரைதான் பதவி.

இதற்கு இந்த ஊரிலேயே சாட்சி உண்டு. 1962-இல் கேரள முதல்வராயிருந்த பட்டம் தாணுப்பிள்ளை பஞ்சாபுக்கு ஆளுநராகப் போனார். முதல்வர் மாறினார், மக்கள் ஒரு ஓட்டும் போடவில்லை.

ஆக, இங்கே தோற்கக்கூடியவர் முதல்வரே. 1967-இல் தமிழக முதல்வர் பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். அவர் கட்சியும் ஆட்சியை இழந்தது. ஆனால் 2021-இல் மம்தா பானர்ஜி நந்திகிராமில் 1,956 ஓட்டில் தோற்றும் மீண்டும் முதல்வரானார். கட்சிக்குப் பெரும்பான்மை இருந்தது. சட்டசபை உறுப்பினரல்லாதவர் ஆறு மாதத்துக்குள் உறுப்பினராக வேண்டும் என்பது 164-ஆம் பிரிவு. பவானிபூர் இடைத்தேர்தலில் வென்று அதை நிறைவேற்றினார்.

பெரியவர் பெருமூச்சு விட்டார்: "அப்போ நம்ம கையில என்னதான் இருக்கு?"

இருக்கிறது, தொகுதி ஓட்டு. முதல்வரை ஆக்குவதும் இறக்குவதும் அதன் கூட்டல்தான். அவரிடம் திருப்பிக் கேட்டேன், உங்கள் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று. சொந்த ஊர்ப் பட்டியலில்தானாம். அங்கே ஓட்டுப் போடப் போய்ப் பல வருஷமாயிற்றாம்! குடியேறிய நம்மில் பலர் கதை இதுதான். ஒருவர் பெயர் ஒரே தொகுதியில்தான், அதுவும் வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில்தான் இருக்கலாம் என்கிறது சட்டம்.

ஆளுநரை நாம் தோற்கடிக்க முடியாது. முதல்வரை முடியும், அதற்குப் பெயர் நாம் வாழும் ஊர்ப் பட்டியலில் இருக்க வேண்டும்.