காரை ஓட்டியவர் யார், கழிவை இழப்பவர் யார்?

மோட்டார் வாகனக் காப்பீடு இரு பகுதிகளைக் கொண்டது. வாகனத்தால் பிறருக்கு நேரும் உயிரிழப்பு, காயம், சொத்துச் சேதம் ஆகியவற்றை ஈடு செய்யும் மூன்றாம் நபர் காப்பீடு முதலாவது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இதனைக் கட்டாயமாக்கியுள்ளது. வாகனத்திற்கே நேரும் சேதத்தை ஈடு செய்யும் இரண்டாவது பகுதி உரிமையாளரின் விருப்பத்திற்கு விடப்பட்டுள்ளது. ‘நோ கிளெய்ம் போனஸ்’ எனப்படும் கழிவு இந்த இரண்டாம் பகுதியின் பிரிமியத்திற்கு மட்டுமே உரியது.

ஓராண்டு முழுவதும் சொந்தச் சேதத்திற்கு இழப்பீடு கோராதவருக்கு, பாலிசியைப் புதுப்பிக்கும்போது 20 சதவீதக் கழிவு கிடைக்கிறது. தொடர்ந்து கோராதிருந்தால் இது ஆண்டுதோறும் 25, 35, 45 என உயர்ந்து, ஐந்தாண்டு முடிவில் 50 சதவீதத்தை எட்டுகிறது. ஒரு முறை கோரினால் கழிவு முழுவதும் போய்விடும்.

கொச்சித் துறைமுகப் பாலத்தைக் கடந்து தோப்பும்படிச் சந்திப்புக்கு வரும் கார் ஒன்று, நெரிசலில் லாரியின் மீது உரசிக் கதவு நசுங்குவதாகக் கொள்வோம். ஓட்டியவர் உரிமையாளரின் தம்பி. இழப்பீடு கோரினால் கழிவை இழப்பவர் யார்?

பிரிட்டனில் காரை ஓட்டக்கூடியவர்களின் பெயர்கள் பாலிசியில் குறிக்கப்படுவது வழக்கம். அவர்களுள் ஒருவர் விபத்துக்குள்ளானாலும் பாலிசிதாரரின் கழிவே குறைகிறது. இந்தியாவில் அத்தகைய பட்டியல் வழக்கத்தில் இல்லை. செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் உள்ள எவரும் உரிமையாளரின் இசைவுடன் ஓட்டலாம். ஆயினும் விளைவு ஒன்றே. தம்பி தம் சொந்தக் காருக்குச் சேர்த்த கழிவு குறையாது. அண்ணனின் கழிவு போய்விடும். கழிவு காப்பீடு பெற்றவரைச் சார்ந்தது. வாகனத்தையோ ஓட்டுநரையோ சார்ந்ததன்று. காரை விற்றவர் தம் கழிவைத் தக்கவைத்து, மூன்றாண்டுகளுக்குள் வாங்கும் புதிய காருக்குப் பயன்படுத்த முடிவதும் இதனாலேயே.

இழப்பின் அளவைக் கணக்கிடுவது எளிது. கழிவுக்கு முந்தைய சொந்தச் சேதப் பிரிமியம் 12,000 ரூபாய் என்றும், அது மாறாதிருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். 50 சதவீதக் கழிவு பெற்றவர் 6,000 ரூபாய் செலுத்துகிறார். இழப்பீடு கோரியபின் அவர் அடுத்தடுத்த ஆண்டுகளில் 12,000, 9,600, 9,000, 7,800, 6,600 ரூபாய் செலுத்த நேரிடும். ஐந்தாண்டுகளில் கூடுதல் செலவு 15,000 ரூபாய். எனவே 8,000 ரூபாயில் முடியும் பழுதுக்கு இழப்பீடு கோருவது இலாபமன்று. 40,000 ரூபாய்ப் பழுதுக்குக் கோரத் தயங்குவதும் சரியன்று. கூடுதல் பிரிமியம் செலுத்திக் கழிவைப் பாதுகாத்துக்கொள்ளும் வசதியும் உண்டு.

இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். வேறு நிறுவனத்திற்கு மாறும்போது, முன்னர் இழப்பீடு பெற்றதை மறைத்துக் கழிவு கேட்டால், சொந்தச் சேதத்திற்கான உரிமையே பறிபோகக்கூடும். உரிமம் இல்லாதவரிடம் காரைக் கொடுப்பது இதனினும் கேடானது. உரிமையாளர் அறிந்தோ, கவனக்குறைவாலோ அவ்வாறு கொடுத்திருப்பின், பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் வழங்கும் தொகை பின்னர் உரிமையாளரிடமிருந்தே வசூலிக்கப்படலாம். உச்ச நீதிமன்றம் 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் இந்நிலையைத் தெளிவாக்கியது.

சாவியைப் பிறரிடம் கொடுப்பவர், பல ஆண்டுகளாகச் சேர்த்த கழிவையும் உடன் ஒப்படைக்கிறார். கொடுக்குமுன் உரிமத்தைப் பார்ப்பதும், கோருமுன் கணக்கைப் பார்ப்பதும் அவர் கடமை.