கிணற்றுக்கு ஒரு கைப்பிடிச் சுவர்

வேதாகமப் போதனையை வாழ்க்கையில் கடைப்பிடிப்பது என்றால், படித்த வசனம் கேட்கும் செயலை அன்றைய வேலைக்குள்ளேயே கண்டு செய்வது. உடுத்தத் துணியும் உண்ண உணவும் இல்லாதவரை வெறும் நல்வார்த்தை சொல்லி அனுப்புவதால் என்ன பயன் என்று யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் கேட்கிறது. செயலோடு சேராத விசுவாசத்துக்கு உயிர் இல்லை என்பது அதன் முடிவு.

எழுதப்பட்ட காலமும் நாடும் வேறு என்பதால், ஒரு கட்டளையை இன்றைய வாழ்க்கைக்குக் கொண்டுவர மூன்று கேள்விகள் உதவும். அது யாருக்கு, எந்த நிலையில் சொல்லப்பட்டது? அதற்கு அடிப்படையான நெறி என்ன? அந்த நெறி இன்று இங்கே எதைச் செய்யச் சொல்கிறது? உபாகமம் 22ஆம் அதிகாரத்தில், புது வீடு கட்டுகிறவர் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்ற கட்டளை இருக்கிறது. இஸ்ரவேலரின் வீடுகள் தட்டையான கூரை கொண்டவை. மக்கள் அதன்மேல் நடமாடினார்கள். தன் உடைமையால் பிறர் உயிருக்கு ஆபத்து வரக் கூடாது என்பது இதிலுள்ள நெறி. மாடியே இல்லாத ஓட்டு வீட்டுக்காரரையும் இந்த நெறி விடாது. அவர் தோட்டத்தில் திறந்த கிணறு இருக்கலாம்.

வாழப்பாடிக்குத் தெற்கே, இன்றைய நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் இந்த நெறி ஏறத்தாழ எழுத்துக்கு எழுத்து நடந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகளான ஜெஸ்ஸி பிராண்டும் ஈவ்லினும் 1913இல் திருமணம் செய்து அந்த மலையில் குடியேறினார்கள். அங்கே நரம்புச் சிலந்தி நோய் பலரை முடக்கியிருந்தது. புழு வெளிவரும் புண்ணோடு ஒருவர் படிக்கிணற்றில் இறங்கினால் அதன் குஞ்சுகள் தண்ணீரில் கலக்கும். நீரிலுள்ள நுண்ணிய உயிரிகள் அவற்றை விழுங்கும். அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கு நோய் தொற்றும். கட்டட வேலை அறிந்த ஜெஸ்ஸி, கிணறுகளைச் சுற்றிச் சுவர் எழுப்பவும், இறங்காமல் வாளியால் இறைக்கவும் மக்களுக்குக் கற்றுக்கொடுத்தார். பள்ளி, மருந்து, தச்சு, விவசாயம் எல்லாம் அவருடைய ஊழியத்தில் அடங்கின.

தங்களை எதிர்த்துவந்த பூசாரி ஒருவர் காய்ச்சலில் கிடந்தபோது இருவரும் அவரைப் பராமரித்தார்கள். இறக்கும் தறுவாயில் அவர் தன் பெண் குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். பகைவரை நேசிக்கச் சொல்லும் போதனை அந்த வீட்டில் ஒரு குழந்தையை வளர்க்கும் பொறுப்பாக வந்து சேர்ந்தது. 1929இல் ஜெஸ்ஸி மலைக்காய்ச்சலுக்குப் பலியானார். ஈவ்லின் ஓய்வு பெற்ற பிறகும் மலைகளுக்கே திரும்பினார். மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போய் நோயாளிகளைக் கவனித்தார். 1974இல், தம் 95ஆம் வயதில் காலமானார்.

கொல்லிமலையில் வளர்ந்த அவர்களுடைய மகன் பால் பிராண்ட் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளியை இயேசு தொட்டுக் குணமாக்கியதாக மாற்கு எழுதிய சுவிசேஷம் கூறுகிறது. சமூகம் தொட அஞ்சிய தொழுநோயாளிகளின் கைகளைப் பால் பிராண்ட் தொட்டு ஆராய்ந்தார். விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. உணர்ச்சி மரத்துப்போனதால் தெரியாமல் படும் சூடும் காயமுமே அவற்றைச் சிதைக்கின்றன என்று காட்டினார். தசைநாண்களை இடம் மாற்றி, மடங்கிய விரல்களை இயங்கச் செய்தார். நிமிர்ந்த கைக்கு வேலையும் வேண்டும் என்று கண்டு, குணமானவர்கள் தொழில் கற்கவும் வழி செய்தார்.

இப்படி வாழ மருத்துவராகவோ மிஷனரியாகவோ இருக்க வேண்டியதில்லை. பாக்குத் தோப்பும் மரவள்ளிக் காடும் உள்ள வாழப்பாடி வட்டாரத்தில் வேதாகமத்தின் கட்டளைகள் பொருந்தும் இடங்கள் நிறைய. கள்ளத் தராசு கடவுளுக்கு அருவருப்பு என்று நீதிமொழிகள் சொல்கிறது. கிழங்கு லோடு எடை மேடை ஏறும்போதும், மாவுச்சத்தைப் பாயிண்ட் கணக்கில் அளந்து விலை போடும்போதும் விற்பவர், வாங்குபவர் இருவரையும் இது கட்டுப்படுத்தும். கூலிக்காரனின் கூலியை விடியும்வரை வைத்திருக்கக் கூடாது என்று லேவியராகமம் 19ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. வாரக்கூலி வழக்கமுள்ள ஊரில், பாக்கு உரித்தவரின் பணத்தைப் பேசிய நாளைத் தாண்டி இழுத்தடிக்காமல் இருப்பதே இதற்குக் கீழ்ப்படிவது. அறுவடையில் வயலின் ஓரத்தை ஏழைக்கு விடச் சொல்கிறது அதே அதிகாரம். ஏழையின் பங்கை மிச்சம் மீதியிலிருந்து எடுக்காமல், விளைச்சல் வீடு சேரும் முன்பே ஒதுக்க வேண்டும் என்பது அதன் பொருள்.

இந்தக் கட்டளைகளில் எதுவும் ஆலயத்துக்குள் மட்டும் நிறைவேறக் கூடியதல்ல. ஞாயிறு ஆராதனையில் கேட்ட வசனத்துக்குத் திங்கட்கிழமை எடை மேடையிலும் கூலி தரும் இடத்திலும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. தோட்டத்தில் கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றுக்கு மூடி போடுவதும், திறந்த கிணற்றைச் சுற்றி இடுப்பளவு சுவர் எழுப்புவதும் உபாகமத்தின் அந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படியும் வழிகள்தான்.